குன்னூர்க்காரனுக்கு எதற்கு கார் ஏசி?

குன்னூரில் குடியிருந்துகொண்டு பழைய காருக்கு ஏசி போடப்போகிறேன் என்று சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை, நேராகச் சிரித்துவிடுகிறார்கள். கோவையில் விசாரிக்கப் போன ஏசி கடைக்காரரும் சிரித்தார். "மலைமேல இருந்துட்டு ஏசிங்களா? அங்க கண்ணாடிய இறக்கினாலே ஏசிதானுங்க?" என்றார். சிரிக்காதவர் என் மாமனார் ஒருவர்தான். வண்டி அவருடையது. தேயிலைத் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது வாங்கியது. "வண்டியில ஒரு ஓட்டைகூடப் புதுசாப் போடக் கூடாது மாப்பிள்ளை. அதுக்குள்ள எதை வேணா மாட்டிக்க" என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அதுதான் பெரிய வேலையாகிவிட்டது.

ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி, வீட்டில் எல்லோருக்கும் பியட். இத்தாலிக்காரர்களின் பியட் 1100 டி மாடலைத்தான் பிரீமியர் நிறுவனம் 1964 முதல் மும்பை குர்லாவில் செய்துவந்தது. பத்மினி என்ற பெயர் 1974-ல் வந்தது. 1089 சிசி எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன், ஸ்டீரிங்கை ஒட்டிய கியர். எங்கள் வண்டி எழுபதுகளின் கடைசியில் வந்தது. அந்தக் காலத்து வண்டிக்குக் காற்று வேண்டுமென்றால் முன்கதவில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைக்க வேண்டும். ஓடும் வேகத்துக்கு அது அபாரமாகக் காற்றைத் தள்ளும். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும்.

நான் ஏசி கேட்டது குளிருக்காக அல்ல. கண்ணாடிக்காக. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேகம் காட்டேரி கிராமத்துப் பக்கம் ரோட்டுக்கே இறங்கி உட்கார்ந்துவிடும். வெளியே பனிமூட்டம் என்றால் அது மஞ்சள் லைட்டோடு போய்விடும் விஷயம். உள்ளே படியும் ஆவிதான் ஆளைக் கொல்வது. நனைந்த ஸ்வெட்டரோடு நாலு பேர், காலடியில் சொட்டும் குடை, எல்லாக் கண்ணாடியும் மூடியிருக்கிறது. முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். துணியால் துடைத்தால் எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் அந்தக் கோடுகளில் சிதறி மொத்தமும் தீப்பிடித்த மாதிரி தெரியும். துணியோடு முன்சீட்டில் உட்காருவது என் மனைவிக்கென்றே ஒதுக்கப்பட்ட உத்தியோகம்.

இதற்கு ஊரில் வைத்தியம் இல்லாமல் இல்லை. ஊட்டி உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். பீடியைப் பிரித்துப் புகையிலைத் தூளைத் தேய்க்கும் லாரி டிரைவர்கள் உண்டு. அதெல்லாம் வெளிப்பக்கம் மழைத் தண்ணீர் ஒட்டாமல் வழிவதற்கு உதவும். உள்பக்கத்து ஆவிக்குப் பயன் குறைவு. கண்ணாடியை இறக்கலாமே என்றால், மேகத்துக்குள் நிற்கும்போது வெளிக்காற்றிலும் அதே ஈரம் முழுசாக இருக்கிறது. ஈரத்தை எடுத்து ஈரத்தை உள்ளே விட்டால் என்ன ஆகும்?

ஏசி இதைச் செய்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கூலிங் காயில் சில டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கும். அதன் மேல் போகும் காற்றில் உள்ள ஈரம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த எவர்சில்வர் சொம்பு வேர்ப்பது மாதிரி, காயிலின் தகட்டில் தண்ணீராகப் படிந்து குழாய் வழியாகத் தரையில் சொட்டிவிடும். வெளியே வரும் காற்று காய்ந்த காற்று. அதைக் கண்ணாடிமேல் விட்டால் ஆவி ஓரத்திலிருந்து சுருங்கி மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஹீட்டரும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வண்டியில் ஹீட்டர் இல்லை.

இரண்டாவது காரணம் மேட்டுப்பாளையம். குன்னூர் சுமார் 1850 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்பது டிகிரிக்கு மேல் ஏறிவிடுகிறது. சித்திரையில் மாமியாரைக் கோவைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒருவனுக்கு இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய காருக்கு ஏசி போடுகிறவர்கள் கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் யோசிக்க வேண்டியது. ஏசி என்பது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து முன்பக்கம் கொண்டுபோய்க் கொட்டும் சாமான். அந்தச் சூட்டைக் கொட்டும் கண்டென்சர் எங்கே இருக்கிறது? ரேடியேட்டருக்கு நேர் முன்னால். அதாவது, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் ரேடியேட்டருக்கு இனிமேல் சுட்ட காற்றுதான் கிடைக்கும்.

மலையில் இது இரட்டைத் தொல்லை. உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் அழுத்தம் கொடுத்துக் கொதிநிலையைத் தூக்கிப்பிடிக்கிறது, ஆனால் மூடியின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் அந்தக் காப்பும் கிடையாது. பர்லியார் தாண்டி இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு வரும்போது போனட்டைத் திறந்து ஓரமாக நிற்கும் வண்டிகளில் பாதிக்கு இந்த மூடிதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினே ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது.

அதனால் ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே ஒரு வரிசை டியூப் கூடுதலாக இருக்கும் கோர் வைத்தோம். புது மூடி, புது தெர்மோஸ்டாட், வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட். கண்டென்சருக்கு முன்னால் தனியாக எலக்ட்ரிக் ஃபேன். இந்த வேலையெல்லாம் முடித்து ஏசியே இல்லாமல் ஒரு கோடைக்காலம் ஓட்டிப்பார்த்தோம். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "இதோட நிறுத்திக்கலாமே" என்றார்.

அடுத்தது கரண்ட். எங்கள் வண்டியில் இருந்தது டைனமோ. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. ரேஸ் கொடுத்தால்தான் சார்ஜ். பிளோயர், கண்டென்சர் ஃபேன், கம்ப்ரஸரை எஞ்சினோடு சேர்த்தும் பிரித்தும் விடும் மேக்னெட் கிளட்ச் மூன்றும் சேர்ந்தாலே 20 ஆம்பியர் பக்கம் போய்விடும். ஏசி எனக்குத் தேவைப்படுவதே மழை ராத்திரியில். அப்போது ஹெட்லைட்டுக்கு ஒன்பது ஆம்பியர், வைப்பருக்குத் தனி. டைனமோவை எடுத்துப் பத்திரமாக எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஐட்லிங்கிலும் சார்ஜ் தரும், மாருதிக்கு வரும் ஆல்டர்னேட்டர் ஒன்றை அதே இடத்தில் மாட்டினோம். ஃபேனுக்கும் கிளட்சுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ். பழைய வண்டியின் ஸ்விட்ச் வழியாகவே இவ்வளவு கரண்ட்டையும் விட்டால் முதலில் நாற்றம் வரும், அப்புறம் புகை வரும்.

கம்ப்ரஸருக்கு வருகிறேன். சாண்டன் கம்பெனி வகையில் 'வி' பெல்ட் பள்ளத்தோடு வருவதுதான் இந்த வண்டிகளுக்குத் தோது. அதை எஞ்சினோடு பிடித்து நிறுத்த ஒரு பிராக்கெட் வேண்டும். எஞ்சினிலிருந்து பெல்ட்டை ஓட்டும் க்ராங்க் புல்லியில் இரண்டாவது பள்ளம் வேண்டும். இந்த இரண்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை. கோவையைக் கீழே வைத்திருப்பதில் எங்களுக்கு உள்ள சௌகரியம் அதுதான். பம்பு, மோட்டார் செய்தே வளர்ந்த ஊர். கணபதி, பீளமேடு பக்கம் சந்துக்குச் சந்து லேத் பட்டறை. நாங்கள் போன பட்டறையில் வயதான டர்னர் ஒருவர் பழைய புல்லியைக் கையில் வாங்கி, விரலை அதன் பள்ளத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆட்டம் இருக்குதுங்களே" என்றார். எங்கள் யாருக்கும் கண்ணில் படாதது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஆட்டம் இருக்கத்தான் செய்தது. புது புல்லியையே இரட்டைப் பள்ளமாகக் கடைந்து கொடுத்தார். பிராக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டி, எஞ்சினில் வைத்துப் பார்த்து, கனமான இரும்புத் தகட்டில் வெட்டி, கடைசியில்தான் வெல்டிங். இரண்டு புல்லியும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். துளி விலகினாலும் பெல்ட் கத்தும், பக்கவாட்டில் தேய்ந்து நார் நாராகத் தொங்கும்.

இனிமேல்தான் அசல் கவலை. 40 குதிரைத்திறன் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. கார்புரேட்டர் வண்டிக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி போகும். குன்னூருக்கு வரும்போது ஆறில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போயிருக்கும். மிச்சத்தில் கம்ப்ரஸர் மூன்று, நாலு குதிரையைப் பிடுங்கிக்கொண்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பதினாலு கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொன்றிலும் அது தெரியும். ஏசி மாட்டிய கோவை மெக்கானிக் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். ஆக்சிலரேட்டர் லிங்கேஜில் ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச். பெடலை அடிவரைக்கும் மிதித்தால் ஸ்விட்ச் தட்டும், மேக்னெட் கிளட்ச் விட்டுவிடும், கம்ப்ரஸர் சும்மா நிற்கும், புல்லி மட்டும் சுற்றும். வளைவைத் தாண்டிக் காலைத் தளர்த்தியதும் 'டக்' என்று மறுபடி பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமா என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

இந்த மேக்னெட் கிளட்ச் எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. உலகில் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏசியோடு விற்பனைக்கு வந்த கார் அமெரிக்காவின் பேக்கார்டு, 1940 மாடல். அதில் கிளட்சே கிடையாது. எஞ்சின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடும். ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, போனட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். கூலிங் காயில் வேறு பின்னால் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. காசுள்ளவர்கள் வாங்கும் வண்டி. பெல்ட்டைக் கழற்ற டிரைவர் இருந்திருப்பார்.

கூலிங் யூனிட்டை டேஷ்போர்டுக்குக் கீழே, ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே தொங்கவிட்டோம். தண்ணீர் வெளியேறும் குழாயும் ஏசி கேஸ் பைப்புகளும் பழைய கேபிள் ஓட்டைகள் வழியாகவே போயின. ஒரு கேபிளைத் தடம் மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடிக்குக் காற்றைக் கொண்டுபோக டேஷ்போர்டுக்குப் பின்னால் மடங்கும் பிளாஸ்டிக் குழாய், அதன் முனையில் கண்ணாடி நீளத்துக்கு ஒரு தட்டையான வாய். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து 'விஏ' எண் வாங்கலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எங்கள் வண்டி இன்னும் சில வருடத்தில் அந்த வயதைத் தொடும். ஆனால் விண்டேஜ் எண் வாங்கினால் தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. ஓடாத வண்டிக்கு ஏசி எதற்கு, எண் எதற்கு என்பது என் கட்சி.

கேஸ் ஏற்றிய கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழே கோவையில் ஏற்றிக்கொண்டு வந்த கேஸ் சில வாரத்தில் போய்விட்டது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஒரு இணைப்பில் நுரை கட்டியது. ஆர்-12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்துக் கறுப்பு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், போட்டிருந்தார்கள். இப்போது போடும் ஆர்-134ஏ கேஸுக்குப் பச்சை நிறத்தில் வரும் வேறு ரப்பர். அதற்காக மறுபடியும் கோவைக்கு இறங்க மனமில்லை. குன்னூரில் ஹோட்டல் ஃபிரிட்ஜுகளும் கோல்ட் ரூம்களும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். 1907 முதல் தடுப்பூசி நிறுவனமான பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கும் ஊர், குளிர்சாதன வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ரிங்கை மாற்றி, வேக்கம் பம்ப்பைப் போட்டார். உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுசாக உறிஞ்சினால்தான் கேஸ் ஏற்ற முடியும். அழுத்தம் அடிமட்டத்துக்குப் போனால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும்.

கேஜ் முள் 24 அங்குலத்தில் நின்றது. கோவை மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "எத்தன காட்டுதுங்க?" "இருபத்துநாலு." "அப்ப இன்னும் லீக் இருக்குதுங்க. இருபத்தெட்டு வரோணும். இறக்கிக் கொண்டாங்க பாக்கலாம்." ஃபிரிட்ஜ்காரர் கையை நீட்டி போனை வாங்கினார். "அண்ணே, இங்க இருபத்துநாலுக்கு மேல முள் நகராது. ஊட்டிக்குப் போனா இருபத்துமூணுகூட வராது. முப்பது வருஷமா இதேதான்."

இருவர் சொன்னதும் சரி. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. கோவையில் வெளிக்காற்றின் அழுத்தமே பாதரசக் கணக்கில் 28 அங்குலம் சொச்சம், குன்னூரில் 24. உள்ளே சுத்தமாக ஒன்றுமே இல்லாமல் செய்தாலும் அதற்கு மேல் காட்ட வழி கிடையாது. வால்வை மூடிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோதும் முள் அதே இடத்தில் நின்றது. அப்படி நின்றால் லீக் இல்லை. அதற்குப் பிறகு கேஸை அழுத்தம் பார்த்து ஏற்றாமல், சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றினார். இங்கே அதே கேஜ் கடல் மட்டத்தைவிட 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், குளிரோ அழுத்தத்தைக் கீழே இழுக்கும். முள்ளை நம்பினால் அரைகுறையாகவோ அளவுக்கு மீறியோதான் ஏறும்.

ஓட்டிப்பார்த்தால் எப்படி இருக்கிறது? கண்ணாடி விஷயத்தில் முழுத் திருப்தி. மழையில் கோத்தகிரி ரோட்டில் போய்வந்த ஒரு ராத்திரி, என் மனைவி கையில் துணி இல்லாமல் முழுப் பயணமும் உட்கார்ந்திருந்தாள். பேச்சு மட்டும் கூடிவிட்டது. மேட்டுப்பாளையம் வெயிலில் சுமார்தான். இது தகரப் பெட்டி. கூரைக்கு உள்ளே எதுவும் ஒட்டியிருக்காது, பெடல் இடுக்கில் எஞ்சின் சூடு வரும், கியர்பாக்ஸ் மேல் தரை கொதிக்கும். கதவு பீடிங்கை மாற்றி, தரைக்கும் கூரைக்கும் ஃபெல்ட் ஒட்டிய பிறகுதான் குளிர் என்று சொல்லும்படி ஆனது. கறுப்பு ஃபிலிம் ஒட்டு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அதை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சீசனில் இ-பாஸ் வாங்கி வரும் வண்டிகள் பர்லியாரில் வரிசையாக நிற்கும்போது மட்டும் ஏசியை நானே அணைத்துவிடுகிறேன். ஃபியூயல் பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், பழைய டிரைவர்கள் செய்த மாதிரி அதன்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. மழை நின்ற ஈரக் காற்றில் மலையடிவாரக் கல்லாறுக்கு இறங்கி, சில்லென்ற காற்றைக் கண்ணாடியிலேயே விட்டுக்கொண்டிருந்தால் இப்போது வெளிப்பக்கம் ஆவி படியும். வைப்பரைப் போட்டுவிட்டு, காற்றைக் கீழே திருப்ப வேண்டும். இறக்கத்தில் ஏசியை அணைக்க வேண்டியதில்லை. இரண்டாவது கியரில் இறங்கும்போது கம்ப்ரஸரின் பாரம் எஞ்சின் பிரேக்குக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

மார்கழி, தை மாதங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கம்ப்ரஸரை ஓட்டாமல் விட்டால் அதன் ஷாஃப்ட் சீல் எண்ணெய் காணாமல் காய்ந்து கேஸ் கசியும். வாரம் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும். ஆனால் உறைபனி விழும் காலையில் ஸ்விட்சைப் போட்டால் கிளட்ச் பிடிக்காது. பூஜ்ய டிகிரி பக்கம் கேஸின் அழுத்தமே லோ பிரஷர் ஸ்விட்ச் அனுமதிக்கும் எல்லைக்கு இறங்கிவிடுவதால் அது தடுத்துவிடுகிறது. வெயில் ஏறிய பிறகுதான் முடியும். இந்த வேலையை மாமா எடுத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேப்பரோடு போய் முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை எல்லாம் ஏற்றிக்கொள்கிறார். பத்து நிமிஷம் போதும் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன்.

"பெட்ரோல் போகுது மாமா."

"பெல்ட் லேசாக் கத்துது மாப்பிள்ளை. அதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். ஸ்பேனர எடுத்துட்டு வா."